திரையில் நின்ற தொண்ணூற்று நான்கு

மார்ச் 3, செவ்வாய்

கேஸ் அடுப்பை மூடினேனா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது. அதற்குள் ஒன்பது மணி பஸ் போய்விட்டது. "உனக்கு பஸ் ஸ்டாப்லயே ஒரு அடுப்பு வச்சுக் குடுத்துடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுக்க தினமும் எட்டுப் புது ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பயம் மரத்துப்போன மனுஷர். எதற்கெடுத்தாலும் "கண்ணாடி பாத்தியா?" என்பார். சாம்பார் பொங்கினால்கூட.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் ஸ்கேன் படம் பார்க்கிற டாக்டர் பிடித்துக்கொண்டார். எங்கள் ஆஸ்பத்திரியின் மலைக் கிளையில் எடுக்கிற ஸ்கேன் கீழே எங்களிடம் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகிறது. "ஏம்மா, ஒருத்தன் மலை ஏறிப் போய்ப் படத்தத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கி வந்தாகூட இதுக்கு முன்னாடி வந்துடுவானே!"

அவர் சொல்வது நியாயம்தான். மலையிலிருந்து வருவது ரேடியோ லைன். தகவல் துண்டு துண்டாக, பாக்கெட் பாக்கெட்டாக வரும்; காற்றடித்தால் நாலு பாக்கெட் தொலையும், மழை பெய்தால் நாற்பது. மேலே நான் பார்த்துக்கொள்கிற லினக்ஸ் சர்வரில் போட்டிருக்கும் நெரிசல் விதிக்குப் பெயர் கியூபிக். ஒரு பாக்கெட் தொலைந்தாலே லைனில் கூட்டம் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துவிடும். இன்னொரு விதி உண்டு, பிபிஆர். தொலைந்ததைப் பார்த்து அது பதறாது. லைன் எவ்வளவு தாங்கும் என்று தானே அளந்து அந்த வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் நான் கியூபிக், இவர் பிபிஆர்.

கியூபிக்கை பிபிஆர் ஆக்குவது ஒரே ஒரு வரி மாற்றம்தான். அதற்குப் படிவம் எழுதி, மேனேஜர் கையெழுத்து வாங்கி, மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

மார்ச் 4, புதன்

காத்திருக்கவில்லை.

சோதனை மெஷினில் பார்த்து என்ன பிரயோஜனம்? அதற்கு ரேடியோ லைன் கிடையாதே. மதியம் மேனேஜர் சாப்பிடப் போனார். என் மேஜையிலிருந்தே மலைக் கிளை சர்வருக்குள் நுழைந்து விதியை பிபிஆர் ஆக்கினேன். புது விதி புது கனெக்ஷனுக்குத்தான் பிடிக்கும், ஏற்கெனவே திறந்திருப்பதைத் தொடாது. அதனால் ஸ்கேன் அனுப்புகிற புரோகிராமையும் நிறுத்தி மறுபடி ஓட்டினேன். பழைய ஸ்கேன் ஒன்றை அனுப்பிப் பார்த்தேன்.

ஆறு நிமிடம்!

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அடுத்த நொடிதான் உறைத்தது. படிவம் இல்லை, கையெழுத்து இல்லை, நோயாளிகள் இருக்கிற இடம். உடனே விதியைப் பழையபடி கியூபிக் ஆக்கினேன். என்ன விதி ஓடுகிறது என்று கேட்டேன். கியூபிக் என்றது. மூன்று முறை கேட்டேன், கேஸ் பார்க்கிற மாதிரி. மூன்று முறையும் கியூபிக். அதற்குள் நிஜ ஸ்கேன் ஒன்று போக ஆரம்பித்தது, அதனால் வேறு எதையும் தொடாமல் வெளியே வந்துவிட்டேன்.

மொத்தம் கால்மணி நேரம். யாருக்கும் தெரியாது. இனிமேல் முறைப்படி படிவம் எழுதுவேன்.

மார்ச் 5, வியாழன்

மலை ஸ்கேன் ஏழு நிமிடத்தில் வந்ததாம். டாக்டர் காரிடாரில் கையெடுத்துக் கும்பிட்டார். "என்ன மந்திரம் போட்ட?" நான் ஒன்றும் செய்யவில்லை டாக்டர், லைன்காரர்கள் ஏதோ சரி செய்திருப்பார்கள் என்றேன். அப்படித்தான் இருக்கும். நல்லதாகப் போயிற்று, படிவ வேலை மிச்சம்.

மார்ச் 6, வெள்ளி

மலைக் கிளை சிஸ்டர் போன் செய்தார். ஐம்பதைத் தாண்டியவர், இருபத்திரண்டு வருடமாக அங்கேதான். மேலே மூன்று கட்டில்களில் இருப்பவர்களின் இதயத் துடிப்பு மானிட்டரிலிருந்து அதே ரேடியோ லைன் வழியாகக் கீழே திரை அறைக்கு வரும். திரை அறையில் எப்போதும் ஒரு டாக்டர் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் மேலே போன் அடிப்பார். சிஸ்டர் மேலே ஒற்றை ஆள், இந்தக் கண்ணை நம்பித்தான் அவர் ஒரு கட்டிலை விட்டு இன்னொரு வேலைக்குப் போவது.

"மேடம், கீழ திரை அப்பப்ப நின்னுடுதாம். இங்க நூத்திப் பத்து காட்டுது, அவங்க எண்பதுங்கறாங்க. கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். புதன்கிழமை ஞாபகத்தில் முதலில் கேட்டது அதைத்தான். விதி என்ன? கியூபிக். அப்பாடா. நம் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது சிஸ்டர், லைன்காரர்களிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லவும் சொன்னேன். அவர்கள் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான் — லைன் நன்றாக இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இன்று காலை பதினொன்றரைக்கு மலைக் கிளையில் இரண்டாவது கட்டில். ஸ்கூல் பஸ் டிரைவர், நாற்பத்தேழு வயது. சிஸ்டர் வேறொருவரை ஸ்கேன் அறையில் படுக்க வைத்து, படத்தை எடுத்துக் கீழே அனுப்பிவிட்டு, அந்த ஆளைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நேரத்தில் டிரைவருக்குத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது. கீழே திரையில் எண்பத்தாறு. ஒழுங்கான எண்பத்தாறு. நாலு நிமிடம் அப்படியே நின்றிருக்கிறது. மூலையில் கடைசியாகத் தகவல் வந்த நேரம் எறும்பு சைஸில் இருக்கும், அதை யார் பார்க்கிறார்கள்? மேலே மானிட்டர் கத்தியது ஸ்கேன் மெஷின் சத்தத்தில் சிஸ்டருக்குக் கேட்கவில்லை. கடைசியில் அவராகவே எட்டிப் பார்த்து, ஓடிப்போய், நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்து...

உயிர் இருக்கிறது. கீழே கொண்டுவந்துவிட்டார்கள். நினைவு இல்லை. ஐசியூ வாசலில் அவர் மனைவி ஒரு ஜோடி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆண்கள் செருப்பு.

மூன்று முறை விதியைப் பார்த்தேன். கியூபிக். கியூபிக். கியூபிக். பின்னே ஏன் நாலாவது முறையும் கேட்கிறேன்?

மார்ச் 10, செவ்வாய்

விசாரணை. மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். "சர்வர் அமைப்புகள் சோதிக்கப்பட்டன. எல்லாம் வழக்கம்போல உள்ளன." கீழே என் பெயர். கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லையே? சோதித்தேன். வழக்கம்போலத்தான் இருந்தன.

மார்ச் 11, புதன்

சிஸ்டரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சர்வர் சரி, லைன் சரி, அப்படியானால் மானிட்டர் கேபிளை அவர்தான் தட்டியிருக்க வேண்டும், தட்டிவிட்டு மறைக்கிறார் என்கிறார்கள். அந்த "சர்வர் சரி" என்பது என் தாள்.

ராத்திரி சாப்பிடவில்லை. இவர் கேட்டார். தலைவலி என்றேன்.

மார்ச் 12, வியாழன்

சிஸ்டர் தன் வீட்டிலிருந்து போன் செய்தார். நான் எடுக்கக் கூடாது என்று நினைத்தேன். எடுத்துவிட்டேன்.

"உங்களக் குத்தம் சொல்ல வரல மேடம். என்கிட்ட ஒரு சின்ன நோட்டு இருக்கு. திரை நின்ன நேரமெல்லாம் பென்சில்ல எழுதி வச்சிருக்கேன். ஸ்கேன் போறப்பதான் நிக்குது மேடம். ஸ்கேன் போய் முடிஞ்சதும் சரியாயிடுது. விசாரணையில சொன்னேன். ஸ்கேன் வேற, மானிட்டர் வேற, உனக்குத் தெரியாததெல்லாம் பேசாதேன்னுட்டாங்க."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். 

பக்கம் புரட்டும் சத்தம். "முதல்ல எழுதினது நாலாந்தேதி. மத்தியானம் ரெண்டு மணிக்கு."

மார்ச் 13, வெள்ளி

அடிப்பாவி. அடிப்பாவி. அடிப்பாவி.

காலையில் போனதும் விதியைக் கேட்கவில்லை. திறந்திருக்கிற கனெக்ஷன்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றும் தான் பிறந்தபோது இருந்த விதியைப் பக்கத்தில் காட்டும். ஸ்கேன் அனுப்புகிற புரோகிராம் ஒரே ஒரு கனெக்ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாப் படத்தையும் அதிலேயே அனுப்புகிற வகை. அந்த ஒன்று —

பிபிஆர்.

மார்ச் நாலு, மதியம் ஒன்று நாற்பதுக்குத் திறந்தது. ஒன்பது நாளாக மூடவில்லை. விதியை நான் கியூபிக் ஆக்கியது அதற்குப் பிறகு பிறக்கிற கனெக்ஷன்களுக்கு. இது ஏற்கெனவே பிறந்துவிட்டது. போகும்போது தெரிந்திருந்த விஷயம் திரும்பி வரும்போது எங்கே போயிற்று? மக்கு, புது விதிக்காக புரோகிராமை நிறுத்தி ஓட்டினாயே, பழைய விதிக்காக ஓட்டினாயா?

ஏழு நிமிடத்தில் படம் வந்த மந்திரம் இதுதான். ஸ்கேன் போகும்போதெல்லாம் அந்த பிபிஆர் கனெக்ஷன் லைன் முழுவதையும் எடுத்துக்கொண்டது. மானிட்டரின் பாக்கெட்டுகள் தொலைந்தன. மானிட்டர் பெட்டி கியூபிக், பாவம், நல்ல பிள்ளையாக ஒதுங்கி ஒதுங்கி நின்றிருக்கிறது.

மேலே இன்னும் கட்டில்களில் ஆள் இருக்கிறார்கள் என்று தோன்றியதும் யோசிக்கவே இல்லை. புரோகிராமை நிறுத்தி ஓட்டினேன். புது கனெக்ஷன், கியூபிக். சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் புரிந்தது. அந்தக் கனெக்ஷன் மூடியதோடு சாட்சியும் போய்விட்டது. உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. நான் தட்டிய கமாண்டுகளின் பட்டியல் மட்டும் சர்வரில் இருக்கிறது. அதையும் ஒரே வரியில் அழிக்கலாம். அந்த வரியைத் தட்டினேன். என்டர் அடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். 

மார்ச் 14, சனி

இவரிடம் சொன்னேன். காரைக் கழுவிக்கொண்டிருந்தார். காருக்குள்ளேயே உட்கார வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். கண்ணாடி பாத்தியா என்று கேட்பார், சிரிப்பார், எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

முகம் வெளுத்துவிட்டது. "யார்கிட்டயாவது சொன்னியா?"

இல்லை என்றேன்.

"சொல்லாத. வேலை போறது இருக்கட்டும், கேஸாயிடும். அந்த ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. நீதான் சரி பண்ணிட்டியே. விடு. சொல்லாத."

இவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. கற்றுக்கொடுப்பவருக்கென்று அவர் பக்கம் இருக்கிற தனி பிரேக்கில் கால் அழுந்தியிருந்தது. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

டிரைவர் கண் திறந்தாராம். மனைவி பெயரைச் சொல்லத் தெரியவில்லை. வலது கை அசையவில்லை.

சாயங்காலம் சிஸ்டர் மறுபடி போன். செவ்வாய்க்கிழமை முடிவு சொல்கிறார்களாம். அதற்காகக் கூப்பிடவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும். ஒருவேளை நான்தான் கேபிளத் தட்டிட்டேனோ? தட்டலன்னு நல்லாத் தெரியும். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல... ரெண்டு நாளா கண்ண மூடினா என் முழங்கை போய்த் தட்டுற மாதிரியே வருது. இருபத்திரண்டு வருஷத்துல எத்தன தடவ தட்டியிருப்பேனோ, யாருக்குத் தெரியும்."

நீங்க தட்டல சிஸ்டர் என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

போனை வைத்துவிட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மூடின கேஸை மூடவில்லையோ என்று பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்புகிறவள் நான். அது எப்பேர்ப்பட்ட நரகம் என்று எனக்குத் தெரியும். அதில் அந்த அம்மாவைத் தள்ளிவிட்டு நான் எப்படி வீட்டுக்குப் போய்ப் படுப்பேன்?

மார்ச் 16, திங்கள்

மேனேஜரிடம் சொன்னேன். கமாண்டுப் பட்டியலைத் தாளில் எடுத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"இதுல நீங்கதான் திருப்பி மாத்திட்டீங்களேம்மா. பதினஞ்சு நிமிஷம். எழுத்துலயே இருக்கு. நீங்க சொல்ற கனெக்ஷன் இப்ப எங்க?"

நான் மூடிவிட்டேன் சார்.

"அப்ப அது இருந்ததுக்கு என்ன சாட்சி? இல்லாததச் சொல்லி ஆஸ்பத்திரி பேரையும் ஏன் இழுக்கறீங்க? வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

கதவு வரை வந்துவிட்டேன். அப்படியே போயிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். திரும்பி, கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்: "மறுபடி செஞ்சு காட்டினா நம்புவீங்களா சார்?"



மார்ச் 17, செவ்வாய்

முடிவை ஒரு நாள் தள்ளி வைத்திருக்கிறார்கள். நாளை மலைக் கிளையில் சோதனை. நோயாளிகளை இன்றே கீழே இறக்கிவிட்டார்கள். இந்த முறை படிவம் எழுதினேன். யாருடைய துடிப்பை வைத்துச் சோதிப்பது என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. என் பெயரை எழுதினேன்.

 ராத்திரி இவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான்.

மார்ச் 18, புதன்

இவரே காரில் கொண்டுபோய் விட்டார். மலை வளைவு ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்தார். இறங்கும்போது, "நான் இங்கயே நிக்கறேன்" என்றார்.

சிறிய கட்டடம், மருந்தும் பினாயிலும் கலந்த வாசனை. விசாரணைக்காரர் ஒருவர் சுவர் ஓரமாக நின்றார். சிஸ்டரை வரச் சொல்லியிருந்தார்கள். யூனிஃபார்ம் இல்லாமல் சாதாரணப் புடவையில் வந்திருந்தார், கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு. என்னை அவர் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நான் செய்ததை நானே சொன்னேன், இரண்டு வாக்கியத்தில்.  சிஸ்டர் கை கழுவிவிட்டு வந்து, "படுங்க" என்றார்.

இரண்டாவது கட்டில். பஸ் டிரைவர் படுத்திருந்த அதே கட்டில். சிஸ்டர் என் மார்பில் ஒட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினார். கை சில்லென்று இருந்தது. மானிட்டரில் நான் தெரிந்தேன்: தொண்ணூற்று நான்கு. கீழே திரை அறையிலிருந்து மேனேஜர் போனில், ஸ்பீக்கரில்: "இங்கயும் தொண்ணூத்தி நாலு."

மடியில் லேப்டாப். அன்று செய்ததை அதே வரிசையில் செய்தேன். விதி பிபிஆர். புரோகிராமை நிறுத்தி ஓட்டினேன். பிறகு விதி கியூபிக். என்ன விதி என்று கேட்டேன், விசாரணைக்காரர் குனிந்து படித்தார்: "கியூபிக்." இப்போதுதான் சிஸ்டரிடம் சொன்னேன், ஸ்கேனை அனுப்புங்கள் என்று. பழைய ஸ்கேன்தான்.

ஒன்றும் ஆகாவிட்டால்? நான் சொன்னது எல்லாமே பொய்யாகி, சிஸ்டர் தட்டியதே உண்மையாகிவிட்டால்? என் வாழ்க்கையில் ஒரு தப்பு நிரூபணமாக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது இன்றுதான்.

என் தலைக்குப் பக்கத்தில் எண் ஏறியது. நூற்று ஆறு. நூற்றுப் பதினெட்டு.

"கீழ என்ன சார்?"

"தொண்ணூத்தி நாலு."

நூற்று இருபத்தேழு. எனக்கு மூச்சு வாங்கியது. மானிட்டர் கத்த ஆரம்பித்தது.

"இப்ப சார்?"

"தொண்ணூத்தி நாலுதாம்மா." திரைக்குப் பக்கத்தில் போயிருக்க வேண்டும். "அசையல. கோடுகூட அப்படியே நிக்குது. மூலையில நேரம்... ரெண்டு நிமிஷம் பழசு."

மானிட்டர் பெட்டியைப் பிடித்தபடி நின்ற சிஸ்டர் அதன் கேபிளைப் பார்த்தார். பிறகு தன் முழங்கையைப் பார்த்தார். யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை. அப்படியே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். விசாரணைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்கேன் ஆறரை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. உடனே கீழே திரை ஒரு குதி குதித்து நூற்று முப்பத்தொன்று காட்டியதாம். அதற்குப் பிறகு அந்தக் கனெக்ஷனை எல்லோருக்கும் காட்டினேன். பிபிஆர். எல்லோரும் பார்த்த பிறகு மூடினேன்.

ஒட்டுகளை எடுக்கும்போது சிஸ்டர் மெதுவாகத்தான் எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

சிஸ்டர் திங்கள்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம். என் சர்வர் பாஸ்வேர்டுகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். வேலை இருக்கிறது, இப்போதைக்கு. உதவி மையத்தில் போன் எடுக்கிற வேலை. டிரைவர் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியே எல்லாவற்றையும் எழுத்தில் சொல்லிவிட்டது, என் பெயரோடு. கேஸ் போடுவது அவர்கள் விருப்பம். ஒவ்வொரு தடவை வாசல் மணி அடிக்கும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

மார்ச் 27, வெள்ளி

காரிடாரில் டிரைவரைப் பார்த்தேன். மனைவி பிடித்திருந்த டம்ளரை வலது கையால் வாங்கப் பழகிக்கொண்டிருந்தார். விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். நான் இன்னார் என்றேன். மனைவி என்னையே பார்த்தாள். "தெரியும்" என்றாள்.  அடுத்த வாரமும் அந்தப் பக்கம் போக வேண்டும், என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 9, வியாழன்

காலையிலிருந்து பதினேழு போன். பிரிண்டர் பதினொன்று, மறந்த பாஸ்வேர்டு ஐந்து. பதினேழாவது மலைக் கிளை.

லைனில் துடிப்புக்கென்று தனி வழி ஒதுக்கிவிட்டார்கள், ஸ்கேன் எவ்வளவு தள்ளினாலும் அதற்குள் வர முடியாது. அதற்குப் பிறகு இன்று பிபிஆரை முறைப்படி போட்டுப் பார்க்கிறார்கள், வேறு ஆட்கள், படிவத்தோடு. என்னை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடவும் கூடாது. படிவத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம்: கட்டில் பக்கத்தில் நிற்பவர் பெயர். சிஸ்டர் கேட்டு வாங்கிய வரி.

"உதவி மையம்" என்றேன்.

 "நீங்களா?" சிஸ்டரின் குரல்.

ஆமாம் சிஸ்டர்.

"ஸ்கேன் போயிட்டிருக்கு. திரை அறைல கேட்டுட்டேன், சரியா இருக்குன்னாங்க." என்றார். "நீங்க ஒரு தடவ எழுந்து போய்ப் பாத்துட்டு வாங்க. இங்க எழுபத்தெட்டு."

போனை மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். திரை அறை வாசலில் நின்று பார்த்தேன். முதலில் மூலையில் இருக்கும் நேரத்தை. பிறகு எண்ணை. திரும்பி ஓடிவந்தேன்.

"எழுபத்தெட்டு, சிஸ்டர்."

"இப்ப எண்பது."

மறுபடி ஓடினேன். எண்பது.

"சரி" என்றார். வைக்கவில்லை. "அடுத்த ஸ்கேன் மூணு மணிக்கு. அப்பவும் கூப்பிடறேன்."